மிக்கேல் அண்ணன் முதலிடத்துக்கு வந்த கதை

தேடுபொறியில் அடுத்தவர் கடையை மேலே ஏற்றிவிடுவது என் தொழில். ஏறாவிட்டால் திட்டு எனக்கு, ஏறினால் பெருமை கடைக்காரருக்கு. இதே பிழைப்பில் இருக்கும் சக பாவிகளுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகக் கொஞ்சம். போனில் ஏதோ ஒரு பொருளைத் தட்டித் தேடினால் வரிசையாகக் கடைகள் வரும் இல்லையா, அதில் முதல் இரண்டு மூன்று பேருக்குத்தான் அழைப்பு போகும். மீதிப் பேர் இருந்தும் இல்லாத மாதிரிதான். அந்த முதல் இடத்துக்கு ஆளைக் கொண்டுபோக நாங்கள் வெப்சைட்டில் பக்கம் பக்கமாக எழுதுவோம், படம் போடுவோம், 'ரிவியூ எழுதுங்கள், ஸ்டார் கொடுங்கள்' என்று முன்பின் தெரியாதவர்களிடம் கெஞ்சுவோம். அதற்குப் பிறகு தேடுபொறி தன் இஷ்டத்துக்கு என்னவோ செய்யும்.

நான் முன்பு நாசரேத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்தபின் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் உட்கார்ந்து இந்த வேலையைப் பார்க்கிறேன். பள்ளிக்கூடத்தை விட்டாலும் ஊருக்கு நான் டீச்சர்தான்.

சொந்தக் கடையில் முதலிடம்

கருவாட்டுக்கடை தேவசகாயம் அண்ணாச்சி என் பழைய கஸ்டமர். காலையில் கடை திறந்ததும் தன் போனில் தன் கடையின் பெயரைத் தானே தட்டிப் பார்ப்பார். முதலில் வரும். உடனே எனக்குப் போன் போட்டு, ஏற்கெனவே முதலில்தானே இருக்கிறோம், நீங்கள் எதைத்தான் ஏற்றுகிறீர்கள் என்பார். கடைப் பெயர் தெரிந்தவர் எப்படியும் வந்துவிடுவார், தெரியாதவர் வெறுமனே 'கருவாடு' என்றுதான் தட்டுவார், அப்படித் தட்டினால் நீங்கள் எங்கேயோ அடியில் கிடக்கிறீர்கள் என்று விளக்கினேன். அதோடு, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று போனுக்குத் தெரியும், கடைக்குள் நின்று தேடினால் உங்கள் கடையைத்தான் காட்டும் என்றும் சொன்னேன். சிறிது நேரத்தில் மறுபடி போன் வந்தது.

"ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயி நின்னு பாத்துட்டேன் டீச்சர், அங்கயும் நாந்தான் ஃபர்ஸ்ட்டு. சும்மா பயங்காட்டாதீங்க."

கயிறு அறுக்கிறவர்

அந்த அண்ணாச்சியின் தங்கை ஸ்டெல்லா. ஸ்டெல்லாவின் வீட்டுக்காரர்தான் மிக்கேல் அண்ணன். சங்கு குளிக்கிறவர். படகில் ஒரு ஏர் கம்ப்ரசர் ஓடும், அதிலிருந்து வரும் நீளக் குழாயின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு கடலுக்குள் இறங்கிவிடுவார். மேலே படகில் இருந்து குழாயைப் பார்த்துக்கொள்வது சூசை. இவர் இறங்க அவர் பிடிக்க என்று பல வருஷமாக இரண்டு பேரும் ஒன்றாகத்தான் தொழிலுக்குப் போனார்கள்.

மிக்கேல் அண்ணனுக்குக் காதில் சீழ் வடிய ஆரம்பித்திருந்தது. இனி ஆழத்துக்குப் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சங்கு ஆழத்தில்தான் கிடக்கிறது. அதனால் ஆழமில்லாத வேலையாகப் பார்த்துச் செய்ய வேண்டும் என்பது ஸ்டெல்லாவின் முடிவு. சரக்குத் தோணியின் அடியில் சுழலும் புரொப்பெல்லரில் கயிறு சுற்றிக்கொண்டால் அறுத்துவிடுவது, அடிப்பலகையில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டுவது, துறைமுகத்துப் பக்கம் அறுந்து விழுந்த நங்கூரத்தை எடுத்துக் கொடுப்பது. இதெல்லாம் போதுமான அளவுக்குக் கிடைத்துவிட்டால் சங்கை விட்டுவிடலாம். தோணி முதலாளிகள் கண்ணில் இவர் பட வேண்டும். அதற்குத்தான் வெப்சைட். அண்ணாச்சி தன் மைத்துனரைக் கையோடு கூட்டிவந்து என் முன்னால் உட்கார வைத்தார்.

நான் வழக்கமான பாடத்தை ஆரம்பித்தேன். வேலை முடிந்ததும் கஸ்டமரிடம் ரிவியூ கேட்க வேண்டும், வாயால் கேட்கக் கூச்சமாக இருந்தால் இந்தக் கார்டைக் கொடுங்கள், இதில் எல்லாம் அச்சடித்திருக்கிறது என்றேன். அவர் கார்டுக் கட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பரீட்சைக்குப் படிக்கச் சொன்னால் பின்பெஞ்சுக்காரர்கள் பார்ப்பார்களே, அப்படி ஒரு பார்வை பார்த்தார்.

"கயித்த அறுத்துவிட்டவனுக்கு எவன் டீச்சர் எழுதிக்கிட்டு இருப்பான்? எஞ்சின ஸ்டார்ட் பண்ணிட்டுப் போயிக்கிட்டே இருப்பான்."

முதல் ஐந்து ஸ்டார்

அவர் சொன்னதுதான் நடந்தது. மாதக்கணக்கில் ஒரு ரிவியூகூட வரவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது போனில் அறிவிப்பு வந்தது. ஐந்து ஸ்டார். நல்ல நீளமான ரிவியூ. எங்கள் தொழிலில் நீளமான ரிவியூ என்றால் லட்டு மாதிரி. ஒற்றைச் செருப்போடு நின்றபடியே படித்தேன். கோவில்பட்டிக்காரர் ஒருவர் எழுதியிருந்தார். மகன் கல்லூரி நண்பர்களோடு கடலில் குளிக்கப் போயிருக்கிறான். அலை இழுத்துப்போய்விட்டது. மிக்கேல் அண்ணன்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

அண்ணாச்சியிடம் கேட்டேன். அது ரொம்ப நாளாக நடப்பதுதானே, உங்களுக்குத் தெரியாதா என்றார். கடலில் மூழ்கிப் போனவர்களை எடுத்துக் கொடுத்தால் மிக்கேல் அண்ணனும் சூசையும் காசு வாங்குவதில்லை. டீசலுக்குக்கூட வாங்குவதில்லை. அன்றும் மறுநாளும் வேறு வேலைக்கு இறங்குவதுமில்லை. அவர்கள் படகில் அப்படி ஒரு முறை. நீட்டிய பணத்தை வாங்காமல் போகிற மனிதரிடம் வீட்டார் அட்ரஸாவது கொடுங்கள் என்று கேட்பார்கள். இவர் சட்டைப் பையில் இருந்து நான் அச்சடித்த கார்டை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். 'எங்கள் சேவை பிடித்திருந்தால் எழுதுங்கள்' என்று அதில் நான் போட்டிருந்தேன். அந்த அப்பா எழுதிவிட்டார். அதன் கடைசி வரி எனக்கு மனப்பாடம்.

"எங்கள் மகனை முகம் கெடாமல் எங்கள் கையில் கொடுத்தார்கள். நல்ல சர்வீஸ்."

ரிசல்ட்

அதன்பிறகு ரிவியூக்கள் வர ஆரம்பித்தன. தோணிக்காரர் ஒருவர்கூட எழுதவில்லை. எழுதியவர்கள் எல்லாம் ஆளைப் பறிகொடுத்தவர்கள். கொடுக்க நினைத்ததைக் கொடுக்க முடியாமல் போனதால் எல்லாவற்றையும் எழுத்தில் கொட்டினார்கள். எங்கே விழுந்தார், எத்தனை பேர் தேடினார்கள், இவர் எப்படி இறங்கினார் என்று ஒன்று விடாமல். தேடுபொறிக்கு இது போதும். அது அழுகையைப் பார்ப்பதில்லை, வார்த்தைகளைப் பார்க்கிறது. இந்த ஆளைப் பற்றி இவ்வளவு பேர் இவ்வளவு விவரமாக எழுதுகிறார்கள் என்றால் இவர்தான் இதற்கு ஆள் என்று முடிவுகட்டிவிட்டது.

எட்டயபுரத்துப் பக்கம் ஒரு கிணற்றுக்குக் கூப்பிட்டார்கள். கொற்கைப் பக்கம் ஒரு குளத்துக்கு. எங்கேயோ ஒரு கல்குவாரிக்கு. தீயணைப்பு வண்டி வந்து தேடிக்கொண்டிருக்கும்போதே வீட்டார் போனில் இன்னொரு ஆளைத் தேடுகிறார்கள். கரையில் சும்மா நிற்க யாரால் முடியும்? கம்ப்ரசரை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கடல்காரர்கள் இரண்டு பேரும் கிணறு குளம் என்று அலைந்தார்கள். அந்த மாத ரிப்போர்ட்டைக் கொடுக்க மிக்கேல் அண்ணனை வரச் சொன்னேன். 'தண்ணீரில் மூழ்கியவரை எடுக்க' என்று இந்தப் பக்கத்து மாவட்டங்களில் எங்கே நின்று தேடினாலும் அவர்தான் முதலில். வாழ்த்துவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினேன். அவர் தன் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஃபர்ஸ்ட்டு வந்தா பள்ளிக்கூடத்துல டப்பா குடுப்பாவ, தட்டு குடுப்பாவ. இதுல என்ன டீச்சர் குடுப்பாவ?"

இறக்கிவிடச் சொன்னவர்

பிறகு ஸ்டெல்லா தனியாக வந்தாள். படியேறி வந்த மூச்சு அடங்கும்வரைகூடக் காத்திருக்கவில்லை. தோணி வேலை தேடி வரும்போதெல்லாம் இவர் ஏதோ குளத்தங்கரையில் இருக்கிறார். இல்லாவிட்டால் ஒரு ஆளை எடுத்துவிட்டு வந்து அந்த இரண்டு நாள் முறையில் இருக்கிறார். தோணிக்காரர்கள் எவ்வளவு நாள்தான் பொறுப்பார்கள், வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். வீட்டுச் செலவுக்காக மறுபடி சங்குக்குப் போக ஆரம்பித்துவிட்டார். எந்த ஆழத்துக்குப் போகக் கூடாது என்று வெப்சைட் வைத்தோமோ அதே ஆழத்துக்கு. காது வலியில் தலையணையை ஒரு பக்கமாக அழுத்திக்கொண்டு கிடக்கிறார். சோற்றில் கையை வைத்ததும் கையை மோந்து பார்த்துவிட்டு எழுந்துவிடுகிறார். கடல்கரை வீட்டில் மீன் சமைப்பது நின்றுபோய்விட்டது.

வருகிற அழைப்புகளுக்கு முடியாது என்று சொல்லிவிடலாமே என்றேன். அதைச் சொல்ல அவருக்கு வராது என்றாள். நானும் பிற்பாடு அவரிடமே கேட்டுப் பார்த்தேன். பேசுகிறவர்கள் எல்லாரும் 'என் புள்ளைய' என்றுதான் ஆரம்பிக்கிறார்கள், அதற்கு மேல் என்ன சொல்வது என்றார். அதனால் ஸ்டெல்லா கேட்டதை நான் செய்துதான் ஆக வேண்டியிருந்தது. இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் கேட்காத வேலை அது.

"நீங்கதான மேல ஏத்துனிய, நீங்களே எறக்கிவிடுங்க டீச்சர். எவனும் தேடுனா அவிய பேரு வரவே கூடாது."

கோவில்பட்டி அப்பா

ஏற்றுவது கஷ்டம் என்று புலம்பும் சக தொழிலாளிகளே, ஒருமுறை யாரையாவது இறக்கிப் பாருங்கள். வெப்சைட்டில் 'தேடி எடுத்துத் தரப்படும்' என்று இருந்த பக்கத்தைத் தூக்கினேன். தொழில் வகையைப் 'படகு பழுதுபார்ப்பு' என்று மாற்றினேன். புரொப்பெல்லரைப் பற்றியும் சிப்பியைப் பற்றியும் கை வலிக்க எழுதினேன். மிக்கேல் அண்ணன் அசையாமல் முதலிடத்தில் இருந்தார். ரிவியூக்கள் அவரைப் பிடித்து வைத்திருந்தன. ரிவியூவை எழுதியவரால்தான் அழிக்க முடியும், எனக்கோ அவருக்கோ அதில் கை வைக்க வழியில்லை. முற்றிலுமாக எல்லாவற்றையும் மூடிவிடலாம் என்றால் தோணி வேலைக்கும் வழி போய்விடும்.

மனதைத் திடப்படுத்திக்கொண்டு அந்த முதல் ரிவியூ எழுதிய கோவில்பட்டிக்காரருக்கே போன் போட்டேன். பிள்ளையை இழந்தவரிடம் 'நீங்கள் எழுதியதை அழியுங்கள்' என்று எப்படிச் சொல்வது? சுற்றி வளைத்தேன். மிக்கேல் அண்ணனின் ரிவியூ விஷயமாக ஒரு உதவி வேண்டும், உங்கள் ரிவியூவால் ஒரு சிக்கல் என்று இழுத்தேன். அவருக்குக் குரலே மாறிவிட்டது. அந்த நல்ல மனிதருக்குத் தன்னால் ஏதோ குறை வந்துவிட்டது என்று பதறிவிட்டார். நான் விஷயத்தைச் சொல்லி முடிக்குமுன் அவரே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். வேண்டாம், வேண்டாம் என்று நான் சொன்னதெல்லாம் நம் ஊர் மரியாதை என்று நினைத்துக்கொண்டார். அடுத்த வாரத்துக்குள் அவர்கள் சொந்தக்காரர் எல்லாரிடமிருந்தும் ஐந்து ஐந்து ஸ்டாராக வந்து விழுந்தது.

"ஸ்டார் கொறஞ்சுபோச்சாம்மா? கவலப்படாதீங்க, எங்க வீட்டு ஆளுக அத்தன பேரு போன்ல இருந்தும் போடச் சொல்லுதேன்."

மூன்று ஸ்டார்

ஆனாலும் தேடுபொறிக்கும் மனசு மாறும். சிப்பியும் நங்கூரமும் மெல்ல மெல்ல வேலை செய்தன. ஒரு தோணி முதலாளி தேடி, படித்து, கூப்பிட்டார். இன்னொருவர் கூப்பிட்டார். வெளியூர் அழைப்புகள் குறைந்தன. மிக்கேல் அண்ணன் சங்குக்குப் போவதை நிறுத்தினார். காது கொஞ்சம் ஆறியது. தொழில் ஆரம்பித்ததிலிருந்து முதல் தடவையாகத் தோணிக்காரர் ஒருவர் ரிவியூவும் எழுதினார். மூன்று ஸ்டார், 'ஓ.கே.' என்று ஒரே ஒரு வார்த்தை. இதற்காக நான் சந்தோஷப்பட்டேன் என்றால் நம்புவீர்களா? ஸ்டெல்லா ஒரு பொட்டலம் மக்ரூன் வாங்கிக்கொண்டு மாடியேறி வந்தாள். அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"நேத்து சீலா மீன் கொழம்பு வச்சேன் டீச்சர். ரெண்டு தடவ போட்டுச் சாப்புட்டாவ."

போன் வீட்டில் இருந்தது

துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்ற ஒரு தோணியில் கயிறு சுற்றிக்கொண்டது. ஆழம் அதிகமில்லை. டாக்டர் அனுமதித்த அளவுக்குள்தான் அந்த வேலை. மிக்கேல் அண்ணன் தோணிக்கு அடியில் போய் அறுத்துக்கொண்டிருக்கும்போது காற்று மாறித் தோணி திரும்பியிருக்கிறது. சூசை குழாயை இழுத்திருக்கிறார். குழாய் மட்டும் வந்தது.

செய்தி கேட்டு நான் ஸ்டெல்லா வீட்டுக்குப் போனபோது தெருவே அங்கே இருந்தது. சங்கு குளிக்கிறவர்களின் படகுகள் எல்லாம் கடலில் தேடிக்கொண்டிருந்தன. தண்ணீரில் இறங்கப் போகும் நாளில் மிக்கேல் அண்ணன் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போவது வழக்கம். அந்தப் போன் ஸ்டெல்லா மடியில் இருந்தது. அவள் அழவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. தேடுகிற படகிலிருந்துதான் தகவல் என்று எல்லாரும் எழுந்துவிட்டார்கள். அவள் எடுத்தாள். பக்கத்தில் இருந்த எனக்குப் பேச்சு கேட்டது. யாரோ ஒரு பெண், எந்த ஊரோ, 'என் புள்ளைய' என்று ஆரம்பித்தாள். எவ்வளவு எழுதியும், எவ்வளவு மாற்றியும், அந்த ஊரில் தேடியவளுக்கு இவர் பெயர்தான் முதலில் வந்திருக்கிறது. அந்தப் போனைப் பிடுங்கிக் கடலில் எறியலாம் போல எனக்கு இருந்தது. ஸ்டெல்லா கடைசி வார்த்தை வரைக்கும் கேட்டாள். அதன்பிறகு ரொம்ப மரியாதையாகப் பதில் சொன்னாள்.

"அவியளத்தான் நாங்களும் தேடிக்கிட்டு இருக்கோம்மா. கெடச்சதும் ஆளு அனுப்பச் சொல்லுதேன்."

கடைசி ரிவியூ

மறுநாள் காலையில் சூசைதான் இறங்கி எடுத்தார். அத்தனை வருஷம் மேலே நின்று குழாயைப் பிடித்தவர், அன்று வேறொரு படகுக் குழாயைக் கடித்துக்கொண்டு இறங்கினார். தேவசகாயம் அண்ணாச்சி டீசலுக்காவது வைத்துக்கொள் என்று கொடுத்ததைத் தொடவில்லை. இரண்டு நாள் வேறு எதற்கும் இறங்கவில்லை. முறை மாறவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்தபிறகு ஸ்டெல்லாவும் சூசையும் என் மாடிக்கு வந்தார்கள். படகையும் கம்ப்ரசரையும் சூசை ஓட்டப்போகிறார், தோணி வேலைகளில் வருவதில் ஒரு பங்கு ஸ்டெல்லா வீட்டுக்கு. அதனால் வெப்சைட்டில் பெயரையும் நம்பரையும் சூசைக்கு மாற்ற வேண்டும். மாற்றினேன். பழைய ரிவியூக்கள் இவரையும் பிடித்துவிடாதபடி, அந்தப் பக்கத்தை மூடிவிட்டு சூசை பெயரில் புதிதாக ஒன்று தொடங்கினேன். சூசை கீழே டீ குடிக்கப் போனார். ஸ்டெல்லா எழுந்திருக்கவில்லை. தன் போனை எடுத்து என்னிடம் நீட்டி, ரிவியூ எழுதுவது எப்படி என்று கேட்டாள்.

நீ எழுதினால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும், அவருக்கு வந்ததெல்லாம் இவருக்கு வரும், சூசைக்கும் குடும்பம் இருக்கிறது என்றேன். வாத்தியார் குரலில் கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். தெரியும் என்றாள். சூசை காசு வாங்கமாட்டான், துணிமணி வாங்கமாட்டான், என் வீட்டில் ஒரு வாய் சாப்பிடக்கூட மாட்டான், நான் எப்படித் தூங்குவது என்று கேட்டாள். கோவில்பட்டி அப்பா எழுதியதை இவள் எப்படியெல்லாம் திட்டியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லிக் காட்ட மனசு வரவில்லை. எங்கே தட்ட வேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன். எதுவும் எழுதவில்லை அவள். எழுத வார்த்தை இல்லை என்றாள். ஸ்டார்களை மட்டும் ஒவ்வொன்றாகத் தொட்டு நிரப்பினாள். ஐந்தாவதையும் தொட்டுவிட்டு, விரலை அதற்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"இதுக்கு மேல இல்லையா டீச்சர்?"

என் கடையை முதலிடத்துக்குக் கொண்டுவந்துவிடுவீர்களா என்று கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும், போய் ஏற்கெனவே அங்கே இருப்பவரின் வீட்டுக்காரியை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் என் பிழைப்பும் இதுதான் என்பதால் ரிவியூ கார்டை அச்சுக்குக் கொடுத்துவிடுகிறேன்.